சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை வேலைக்குத் தயார்படுத்துவது: எட்டாம் வகுப்பிலிருந்து முதல் சம்பளம் வரை

தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோருக்காகவும், சிறப்பாசிரியர் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், கற்றல் குறைபாடு என எதுவாக இருந்தாலும், பிள்ளைக்கு 13, 14 வயது ஆகும்போது வீட்டில் ஒரு கேள்வி வரும்: "பெரியவனானதும் இவன் என்ன பண்ணுவான்?" பலரும் அதைப் பள்ளி முடியும்வரை தள்ளிப்போடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தரும் இலவசக் கல்வி உரிமை 6 முதல் 18 வயது வரைதான். 18 முடிந்ததும் பள்ளி வேன், டீச்சர், கூட்டாளிகள், காலையில் எழுந்து கிளம்ப ஒரு காரணம் எல்லாமே ஒன்றாக நின்றுவிடும். அதற்குப் பிறகு ஓரிரு வருடம் வீட்டிலேயே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்ட பிள்ளையை மறுபடியும் கிளப்புவது ரொம்பவே கஷ்டம். எட்டாம் வகுப்பு வயதிலேயே தொடங்கினால் நிதானமாகச் செய்ய நான்கு வருடம் கையில் இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போன பிள்ளைகளில், வேலை தெரியாததால் திரும்பி வருகிறவர்கள் குறைவு. பஸ் மாறத் தெரியாதது, சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்காருவது என்று தெரியாதது, "புரியலை" என்று வாய்விட்டுச் சொல்லாதது, மெஷின் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவது போன்ற காரணங்களால் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். அதனால் எந்தத் தொழிலைக் கற்றுக்கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால், வேலையைச் சுற்றியிருக்கும் இந்த விஷயங்களைக் கவனியுங்கள்.

முதல் படி: காகிதங்கள்

அலுப்பான வேலைதான், ஆனால் பின்னால் வரும் எல்லாம் இதைக் கேட்கும். யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லையென்றால் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் உதவுவார்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் இடஒதுக்கீடு போன்ற சலுகைகள் கிடைக்கும். சான்றிதழில் குறைபாட்டின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அறிவுத்திறன் குறைபாடு என்று மட்டும் எழுதியிருப்பதுண்டு. அரசு வேலைகளில் எந்தப் பணி எந்தக் குறைபாட்டுக்குப் பொருந்தும் என்று பட்டியல் இருப்பதால், அந்த ஒரு வார்த்தை பின்னால் ஒரு கதவைத் திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும்.

ஆதார், சாதிச் சான்றிதழ், யு.டி.ஐ.டி. அட்டை மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். கையெழுத்துப் பழக இப்போதே ஒரு நோட்டு போடுங்கள். ஒரே மாதிரி போட வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

18 வயது ஆனதும் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்றிதழ் வாங்குவது பற்றிப் பலரும் கேட்பார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு இதைத் தரும். தேவைப்படும் பிள்ளைக்கு வாங்கத்தான் வேண்டும். ஆனால் தன் பணத்தைப் பற்றிச் சொன்னால் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடக்கூடிய பிள்ளைக்கு, எல்லாரும் வாங்குகிறார்கள் என்பதற்காக அவசரப்பட்டு வாங்காதீர்கள் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: பிள்ளையைக் கவனித்து எழுதுவது

சிறப்புப் பள்ளியில் படித்தால் மதிப்பீட்டுத் தாள் கட்டாயம் இருக்கும். சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் உருவாக்கிய எம்.டி.பி.எஸ். என்ற மதிப்பீட்டுப் பட்டியலை நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் பயன்படுத்துகிறார்கள். அதில் 18 பிரிவு, பிரிவுக்கு 20 வீதம் மொத்தம் 360 செயல்கள். பணம், நேரம், வீட்டு வேலை, வெளி இடங்களில் பழகுவது, தொழில் எல்லாம் அதில் தனித்தனிப் பிரிவு. டீச்சரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, இந்த ஐந்து பிரிவையும் மட்டும் உட்கார்ந்து படியுங்கள். வருடத்துக்கு எத்தனை செயல் கூடியிருக்கிறது என்று தெரியும்.

தாளில் வராத சிலதை வீட்டில்தான் எழுத முடியும். ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: எந்த வேலையை யாரும் சொல்லாமலே செய்கிறாள்? எத்தனை நிமிடம் ஒரே இடத்தில் உட்காருகிறாள்? நின்றுகொண்டு செய்வது பிடிக்கிறதா, உட்கார்ந்து செய்வதா? எந்தச் சத்தம், எந்த வாசனை ஆகாது? காலையில் சுறுசுறுப்பா, மாலையிலா? கோபம் வருவதற்கு முன்னால் உடம்பில் என்ன அடையாளம் தெரிகிறது? மாத்திரை சாப்பிட்ட பிறகு எவ்வளவு நேரம் தூக்கம் வருகிறது?

வேலையைத் தேடும்போது இந்த நோட்டுதான் கைகொடுக்கும். பொருட்களை வரிசையாக அடுக்கிவைத்தே தீர வேண்டும் என்று இருக்கும் பையனை வீட்டில் எல்லோரும் திட்டுவார்கள். மருந்துக் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் லைப்ரரியிலும் அந்தப் பழக்கத்துக்குத்தான் சம்பளம் தருகிறார்கள். ஜனங்களோடு பேசிக்கொண்டே இருக்க ஆசைப்படும் பெண்ணைத் தனி அறையில் கவர் ஒட்ட உட்காரவைத்தால் ஒரு வாரம் தாங்காது.

பிள்ளையிடமும் கேளுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு நான்கைந்து வேலையின் போட்டோ காட்டினால் கையால் தொட்டுக் காட்டும். இதை யாருமே செய்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மூன்றாம் படி: வீட்டில் ஒரு வேலையைப் பிரித்துக் கற்றுக்கொடுப்பது

துண்டு மடிப்பதை எடுத்துக்கொள்வோம். லாட்ஜ், மருத்துவமனை, சலவைக் கடை, அழகு நிலையம் என்று எல்லா இடத்திலும் இந்த வேலை இருக்கிறது. "துண்டை மடி" என்று சொன்னால் அது நமக்கு ஒரு வேலை, பிள்ளைக்கு ஏழெட்டு வேலை. மேசையில் துண்டை விரிக்க வேண்டும். சுருக்கத்தைக் கையால் தடவி எடுக்க வேண்டும். வலது கையால் ஒரு மூலை, இடது கையால் ஒரு மூலை பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்க மூலைகளோடு சேர்க்க வேண்டும். ஓரம் ஓரத்தோடு பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு முறை மடிக்க வேண்டும். மடிப்புப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கில் வைக்க வேண்டும்.

இதைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதல் நாட்களில் நீங்களே மடித்துக் கொடுங்கள், அடுக்கில் வைப்பது மட்டும் பிள்ளையின் வேலை. அது பிசகாமல் வந்த பிறகு, கடைசி மடிப்பையும் அவளிடம் விடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால், ஒவ்வொரு தடவையும் வேலையை முடிப்பது பிள்ளையாகவே இருக்கும். முடித்துவிட்டோம் என்ற திருப்தி முதல் நாளிலிருந்தே கிடைக்கும். முன்னாலிருந்து தொடங்கினால் பாதியில் தடுமாறி, அம்மா வந்து கையிலிருந்து பிடுங்குவதுதான் தினமும் நடக்கும்.

மூலை பொருந்தவில்லையா? மேசையில் துண்டின் அளவுக்குக் கலர் டேப் ஒட்டிவிடுங்கள். எண்ணிக்கை தவறுகிறதா? பத்து கட்டம் வரைந்த அட்டையில் கட்டத்துக்கு ஒன்றாக வைத்து நிரப்பச் சொல்லுங்கள். எண்ணத் தெரியாத பிள்ளையும் பத்துப் பத்தாக பாக்கெட் போட்டுவிடும். வேலைக்குப் போன பிறகும் அந்த டேப்பும் அட்டையும் கூடவே போகலாம்.

கையைப் பிடித்துக் காட்டுவது, சைகை, வாய்ச்சொல் என உதவியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வாய்ச்சொல்லில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "ம்... அடுத்து... அடுத்து" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தால், அந்தக் குரல் இல்லாமல் கை நகராத நிலை வந்துவிடும். படங்களை வரிசையாக ஒட்டிவிட்டு நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

நான்காம் படி: வேலைப் பழக்கங்கள்

எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். பள்ளியிலும் வீட்டிலும் பெரியவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே தண்ணீரா, பாத்ரூமா, தலைவலியா என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். வேலை செய்யும் இடத்தில் அப்படி யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால் நான்கு வாக்கியம் கட்டாயம் வர வேண்டும்: "முடிஞ்சுது, அடுத்து என்ன?", "புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க", "பாத்ரூம் போயிட்டு வரேன்", "எனக்கு உடம்பு முடியலை". பேச்சு வராவிட்டால் இந்த நான்கையும் படமும் எழுத்துமாக அட்டைகளில் போட்டு, கழுத்து ஐ.டி. கார்டோடு மாட்டிவிடுங்கள்.

பழகுவதற்கு ஒரு எளிய வழி: வேலை கொடுக்கும்போது வேண்டுமென்றே ஒரு பொருளைக் குறைத்துக் கொடுங்கள். பத்து கவர், ஒன்பது ஸ்டிக்கர். பத்தாவது கவரைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்கிறது என்று பொறுத்துப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் உடனே ஸ்டிக்கரை நீட்டாமல், "ஸ்டிக்கர் இல்லை, தாங்க" என்று கேட்கப் பழக்குங்கள்.

வேலை நேரத்தையும் மெதுவாக நீட்ட வேண்டும். 15 நிமிடத்தில் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் வரை வரட்டும். நடுவில் இடைவேளை, பிறகு மறுபடி வேலை. இடைவேளை முடிந்ததும் திரும்பி வருவதுதான் நிறையப் பிள்ளைகளுக்கு வராத விஷயம். டைமர் வையுங்கள்.

திருத்திச் சொன்னால் தாங்கிக்கொள்வதும் பழக்கம்தான். "இது சரியா வரலை, திரும்பப் பண்ணு" என்று வெளியாள் சொன்னால் அழுதுவிடும் பிள்ளைகள் உண்டு, ஏனென்றால் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிப் பழக்குங்கள்.

பாதுகாப்பையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள். யார் தொடலாம், யார் தொடக்கூடாது, பணத்தையோ போனையோ யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது, தனியாகக் கூப்பிட்டால் போகக்கூடாது, நடந்ததை யாரிடம் சொல்ல வேண்டும் என எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசுங்கள். ஆண் பிள்ளைக்கும் இது வேண்டும். மாதவிடாய் நாட்களில் வேலைக்குப் போகும் பெண் நாப்கினைத் தானே மாற்றிக் காகிதத்தில் சுற்றிப் போடப் பழகியிருக்க வேண்டும். கூச்சப்பட்டு இதை விட்டுவிட்டால், ஒரு நாள் நடக்கும் சங்கடத்தில் வேலையே போய்விடும்.

ஐந்தாம் படி: பஸ்ஸும் பணமும்

வேலைக்கோ பயிற்சிக்கோ போய்வர அரசுப் பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. மாவட்ட நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அட்டை வாங்குவது எளிது, தனியாகப் போவதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். அடுத்து அதே பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி. பிறகு பிள்ளையை ஏற்றிவிட்டு நீங்கள் டூவீலரில் பின்னாலேயே போய் இறங்கும் இடத்தில் நில்லுங்கள். இறங்குவதற்கு முன் ஜன்னல் வழியாகத் தெரியும் இரண்டு அடையாளங்களைப் பழக்குங்கள். கோயில் கோபுரம், பெட்ரோல் பங்க் எதுவானாலும் சரி. பஸ் வராவிட்டால், இடம் தாண்டிப் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் ஒரு தடவை நிஜமாகவே செய்து பார்த்துவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை கூட்டல் கழித்தல் தெரிந்த பிறகுதான் என்று காத்திருக்க வேண்டாம். 20 ரூபாய்க்கு உள்ளே இருக்கும் பொருளை வாங்கி, மீதியைக் கேட்டு வாங்கி வந்தால் தொடக்கத்துக்குப் போதும். யு.பி.ஐ. பழக்கினால் தனிக் கணக்கில் சிறு தொகை மட்டும் வைத்துக் கொடுங்கள். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக்கூடாது என்பது பாடம் மாதிரி மனதில் பதிய வேண்டும்.

ஆறாம் படி: படிப்பில் எந்த வழி

கற்றல் குறைபாடோ லேசான ஆட்டிசமோ உள்ள பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பெரிய சொத்து. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் இருக்கின்றன. தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே பேசிவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்தால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் இதற்கு உதவுவார்.

எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத முடியாத பிள்ளைக்கு என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நல்ல வழி. ஒரு தடவை சேர்ந்தால் 5 வருடம் வரை, பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். கல்லூரிக்குப் போகக்கூடியவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடமும், 5 வருட வயது வரம்புத் தளர்வும் சட்டப்படியே உண்டு.

அதே சமயம், எழுத்தில் ஆர்வமே இல்லாத பிள்ளையை அக்கம்பக்கத்தாருக்காகப் பத்தாம் வகுப்போடு பல வருடம் கட்டிப்போட வேண்டாம். அந்த வருடங்களில் அவன் இரண்டு மூன்று வேலைகளை நன்றாகப் பழகியிருக்க முடியும்.

ஏழாம் படி: நிஜ இடத்தில் வேலை பார்த்துப் பழகுவது

தெருவில் தெரிந்த கடைகளில் தொடங்குங்கள். 14 வயதுக்குக் கீழே வீட்டு வேலை மட்டும் போதும். அதற்கு மேல் 18 வரை ஆபத்தில்லாத இடங்களாகப் பார்த்து, வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம். கேட்கத் தயங்க வேண்டாம். இப்படிக் கேளுங்கள்: "அண்ணாச்சி, எம் பொண்ணு ஸ்பெஷல் ஸ்கூல்ல படிக்கிறா. சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம் உங்க கடையில பாக்கெட் அடுக்கிப் பழகட்டும். சம்பளம் எல்லாம் வேண்டாம். நான் வெளியவே உக்காந்திருக்கேன். தப்பா வச்சா திருத்திச் சொல்லுங்க, அழ மாட்டா."

சிலர் முடியாது என்பார்கள். ஒருவர் சரி என்றால் போதும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆறேழு வாரத்தில் மாற்றிவிடுங்கள்: ஜெராக்ஸ் கடை, நர்சரித் தோட்டம், பேக்கரி, தையல் கடை. ஒவ்வொன்றிலும் பழைய நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று நான்கு இடம் பார்த்த பிறகு எது ஒத்துவரும் என்று உங்களுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். சம்பளமில்லாத இந்தப் பழக்கம் கற்றுக்கொள்ளும் அளவோடு நிற்கட்டும். முழு நாள் வேலை வாங்க ஆரம்பித்தால் சம்பளம் பேசிவிடுங்கள்.

முறையான மதிப்பீடும் பயிற்சியும் வேண்டுமென்றால் சில இடங்கள்: சென்னை கிண்டியில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள நிப்மெட், பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம். தென்காசி மாவட்டத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கம். சென்னை கோட்டூர்புரத்தில் வித்யாசாகர். உங்கள் மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்று நல அலுவலகத்தில் பட்டியல் கேளுங்கள். எங்கே சேர்ப்பதானாலும் ஒன்றைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்: "இங்க பயிற்சி முடிச்சவங்க இப்ப எங்க வேலை பாக்கறாங்க?" வருடக்கணக்கில் பயிற்சி மட்டுமே நடக்கும் இடங்கள் இருக்கின்றன. மெழுகுவத்தியும் பேப்பர் கப்பும் செய்யத் தெரிந்தும், விற்க ஆளில்லாமல் அவை அலமாரியில் கிடக்கும்.

எட்டாம் படி: வேலை தேடுவது

18 ஆனதும், படிப்புச் சான்றிதழ் இருந்தால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி என்று குறிப்பிட்டுப் பதியுங்கள். 3 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க மறக்காதீர்கள். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பார்வை, செவித்திறன், உடல் இயக்கக் குறைபாடுகளுக்குத் தலா 1 சதவீதம். நான்காவது 1 சதவீதத்தில்தான் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் சேர்ந்து வருகின்றன. தேர்வு எழுதக்கூடிய பிள்ளை கட்டாயம் எழுதட்டும். ஆனால் அதையே நம்பி மற்ற வேலைகளை ஒதுக்கிவிடாதீர்கள்.

தனியார் நிறுவனங்களில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையில் என்னென்ன வேலைகள், என்னென்ன வசதிகள் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். பேசப் போகும்போது அதைக் கேளுங்கள். சட்டம் தெரிந்து வந்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்கள். மாவட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் நடக்கும். அங்கே பயோடேட்டாவோடு ஒரு பக்க அறிமுகத் தாளையும் கொடுங்கள்: என்ன நன்றாகச் செய்வான், எப்படிச் சொன்னால் புரியும், என்ன வசதி வேண்டும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. பிள்ளை வேலை செய்யும் ஒரு நிமிட வீடியோவைப் போனில் வைத்திருங்கள். பேட்டியில் வாயே திறக்காத பையன் அந்த வீடியோவில் சரசரவென்று பாக்கெட் போடுவதைப் பார்த்தால், எதிரே இருப்பவரின் பேச்சே மாறிவிடும்.

குடும்பக் கடை இருந்தால் அதுவும் நல்ல வேலைதான். ஆனால் அங்கேயும் நேரம், வேலை, சம்பளம் மூன்றும் முறையாக இருக்க வேண்டும். "நம்ம பையன்தானே" என்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா உட்காரவைத்தால் அது வேலை ஆகாது.

பராமரிப்பு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால், வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அது தொடருமா என்று நல அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் கிடைத்த வேலையை விட்ட குடும்பங்கள் உண்டு.

ஒன்பதாம் படி: சேர்ந்த பிறகு மூன்று மாதம்

வேலை கிடைத்ததும் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள், கவனம் அதிகம் வேண்டியது இப்போதுதான். முதல் வாரம் சிறப்பாசிரியரோ பெற்றோரோ கூடவே இருக்கட்டும். பிறகு பாதி நாள், பிறகு வாரம் இரண்டு முறை, பிறகு போன் மட்டும். அங்கேயே வேலை பார்க்கும் ஒருவர், சூப்பர்வைசர் வேண்டாம், பக்கத்து மேசைக்காரர், பிள்ளையைக் கவனித்துக்கொள்ளச் சம்மதித்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அவருக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான்: ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள், பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள், இடமோ நேரமோ மாறினால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

காதடைப்பான், சுவர் பார்த்த இருக்கை, படப்பட்டியல், கூட ஒரு இடைவேளை போன்றவற்றைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். சட்டம் இதை நியாயமான வசதி என்கிறது. சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், விடுமுறை எத்தனை என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரே வேலை செய்யும் மற்றவர்களுக்கு என்ன தருகிறார்கள் என்றும் விசாரியுங்கள். ஈ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய் என்பது நிறுவனத்தின் கணக்காளருக்கே சில நேரம் தெரியாது, சொல்லிவிடுங்கள்.

முதல் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிள்ளை தானே போய்த் தனக்குப் பிடித்ததை வாங்கட்டும், மீதி அவன் கணக்கில் இருக்கட்டும். எதற்காக வேலைக்குப் போகிறோம் என்பது அவனுக்கு அப்படித்தான் புரியும்.

இதற்கெல்லாம் பிறகும் ஒத்துவராமல் நிற்க நேர்ந்தால், என்ன காரணம் என்று முதலாளியிடமும் பக்கத்து மேசைக்காரரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். வேலை வேகமா, சத்தமா, பயணமா, ஆட்களா என்று தெரிந்தால் அடுத்த இடத்தை அதற்கேற்பப் பார்க்கலாம். குறைபாட்டைக் காரணம் காட்டி அவமானப்படுத்தியோ சம்பளத்தைப் பிடித்தோ அனுப்பியிருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுங்கள். சம்பளச் சீட்டு, மெசேஜ், அறிமுகத் தாள் மூன்றின் நகலையும் இணைத்துவிடுங்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை காலையில் எழும் நேரத்தையும் கிளம்பும் நேரத்தையும் மாற்றாமல், பழைய பேக்கரிக்காரரிடமோ நர்சரிக்காரரிடமோ கேட்டு வாரம் இரண்டு நாளாவது அனுப்பிக்கொண்டே இருங்கள்.